ஆறு பூச்சு மெழுகு

சென்ற வாரம், மருமகள் அச்சுக்குள் கடைசி அடுக்கை ஒட்டி முடித்துவிட்டுக் கை கழுவப் போன இடத்தில் நிறுத்தியிருந்தேன். "அந்த மாமியார் எப்போதுதான் நேராக வாயைத் திறப்பார்?" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள், ஒருவர் கொஞ்சம் காரமாகவே. இன்று திறக்கிறார். ஆனால் அவர் திறக்கிற விதம் நீங்கள் எதிர்பார்த்த விதமாக இருக்காது. அதற்கு நான் பொறுப்பில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. வீட்டுக்குப் பின்னால் பட்டறை. அங்கே ஃபைபரில் தொட்டி, மூடி, கூரை, குழாய் என்று கேட்டதைச் செய்து தருகிறார்கள். நூலாக இழுத்த கண்ணாடியைப் பாய் போலப் பரப்பி, ரெசின் என்கிற பிசினில் ஊறவைத்து, அச்சுக்குள் அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். ஒரு ராத்திரியில் அது இறுகிவிடும். இரும்பு மாதிரி உழைக்கும், துரு மட்டும் பிடிக்காது. மாமனாரின் முப்பது வருட உழைப்பு அந்தப் பட்டறை.

மருமகள் எட்டு வருடம் ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் மேசையில் நின்றவள். இரண்டு மாத விடுப்பில் வீட்டில் இருந்தபோது சும்மா இருக்க முடியாமல் பட்டறைக்குள் நுழைந்தாள். அச்சின் மூலைகளில் மற்றவர்கள் கண்ணாடிப் பாயை மடித்து மடித்துக் கட்டியாக்கிக்கொண்டிருந்தார்கள். இவள் சட்டைக் கைக்குழிக்கு வெட்டுவது போல ஒரு முக்கோணத்தை நறுக்கி எடுத்துவிட்டு, சுருக்கமே இல்லாமல் உட்கார வைத்தாள். மாமனார் அதைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அவர் ஒன்றும் பேசாவிட்டால் பாராட்டு என்று அர்த்தம்.

பிறகுதான் அந்த ஒப்பந்தம் வந்தது. ஒரு முலாம் பூசும் தொழிற்சாலையில் அமிலத் தொட்டிகளுக்கு மேலே போடுகிற இரும்பு மூடிகள் வருடத்துக்கு ஒரு முறை அரித்துப் போகின்றன. ஃபைபரில் நாற்பது மூடி வேண்டும். அதற்கு அச்சை நான் செய்கிறேன் என்றாள் மருமகள். அவள் அச்சிலிருந்து முதல் மூடி பழுதில்லாமல் வந்து, அதைப் பொறியாளர் ஒப்புக்கொண்டால் பட்டறையில் அவளுக்கென்று ஒரு மேசை. இல்லாவிட்டால் பழைய வேலைக்குத் திரும்பிவிட வேண்டும். மாமனார் சொன்னார், அவளும் சரி என்றாள்.

அந்த நாள் இன்று. நாலு மணிக்குப் பொறியாளர் வருகிறார். ஐந்து மணிக்குள் வருவாயா மாட்டாயா என்று ஆடைத் தொழிற்சாலைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவள் கணவன் தொட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருக்கிறான். நாளைதான் வருவான்.

மாமியாருக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. முப்பது வருடமாகக் கணவரின் சட்டையைத் தனியாகத் துவைக்கிறவர் அவர். கண்ணாடித் தூள் தோலில் ஏறினால் எப்படி அரிக்கும் என்று அவருக்குத் தெரியாதா? மின்விசிறிக்குக் கீழே நின்று வேலை பார்த்த பெண் இந்த நாற்றத்தில் வந்து ஏன் வேகவேண்டும் என்பது அவர் கட்சி. மூன்று வாரமாக மருமகளிடம் நேராகப் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைப் பாத்திரத்திடம் சொல்வார். "கையெல்லாம் ரெசினை வெச்சுக்கிட்டு வந்தா சோறு எப்படி இறங்கும்னு கேக்கறேன்" என்று குழம்புச் சட்டியைக் கேட்பார். சட்டிக்குப் பதிலாக மருமகள் கையை இன்னொரு முறை கழுவிக்கொண்டு வருவாள்.

காலை ஒன்பதரைக்கு அச்சைச் சுற்றி மூன்று பேர் நின்றார்கள். மாமனார், மருமகள், கொழுந்தன். கொழுந்தனுக்குப் பட்டறையில் 'நாளைக்கு' என்று பெயர். எதைச் சொன்னாலும் நாளைக்குப் பார்த்துக்கலாம் என்பான், அதனால்.

அச்சு ஒரு கட்டில் அளவு இருக்கும். படகு போல உள்ளே குழிந்தது. வாசல் பக்கம் வெளிச்சம் நன்றாக விழும் இடது ஓரத்தில் மாமனார் முதல் ஆப்பைச் செருகினார். பிளாஸ்டிக் ஆப்பு, ரப்பர் சுத்தியல். இரண்டு தட்டில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். அச்சும் மூடியும் விட்டுப் பிரிகிற சத்தம் அது. கேட்கவில்லை.

இரண்டாவது ஆப்பு, மூன்றாவது ஆப்பு. இடுக்கில் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள், காற்றுக் குழாயை வைத்து ஊதிப் பார்த்தார்கள். மூடி உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. நாலாவது ஆப்பில் மூடியின் ஓரம் விரிசல் விட்டது. மாமனார் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"மெழுகு யார் போட்டது?"

கேள்வியே தேவையில்லை. பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். புது அச்சுக்கு உட்புறம் முழுக்க மெழுகு பூச வேண்டும். ஒரு பூச்சு, ஒரு மணி நேரக் காத்திருப்பு, துணியால் மெருகேற்றல், மறுபடி ஒரு பூச்சு. இப்படி ஆறு. மெழுகு இல்லாத இடத்தில் ரெசின் அச்சோடு அச்சாக ஒட்டிக்கொள்ளும். பிறகு ஆண்டவனே வந்தாலும் பிரிக்க முடியாது.

"நான்தான்பா. ஆறு பூச்சு போட்டேன்" என்றான் நாளைக்கு.

மாமனார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. போன வருடம் ஒரு தொட்டிக்கு இரண்டே பூச்சு போட்டுவிட்டு ஆறு என்று சொன்ன கதையை எடுத்தார். அதற்கு முந்தின வருடக் கதையையும் எடுத்தார். அவன் பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் செய்யாமல் போனதில் வந்து முடித்தார். நாளைக்கு தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு வேலையை ஒழுங்காகச் செய்திருந்தான். அதை யாரிடம் போய் நிரூபிப்பான்? அண்ணியாவது நம்புவாள் என்று அவள் பக்கம் திரும்பினான்.

மருமகளுக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆறாவது பூச்சு போட்டதை அவள் பார்க்கவில்லை. அவள் வந்தபோது அச்சு கண்ணாடி மாதிரிப் பளபளத்துக்கொண்டிருந்தது, கொழுந்தன்தான் கடைசி மெருகும் ஏற்றிவிட்டான் என்று நினைத்தாள். இப்போது கேட்டால், நான் மெருகேற்றவே இல்லை, பூசிவிட்டு டீ குடிக்கப் போனேன், திரும்பி வந்தபோது பளபளவென்று இருந்தது, அண்ணிதான் தேய்த்துவிட்டாள் என்று நினைத்தேன் என்கிறான். இதைக் கேட்டதும் மாமனார், பொய் சொல்வதற்குக்கூட நேற்றே யோசித்து வைத்திருக்க வேண்டும், அதையும் நாளைக்கு என்று தள்ளிப் போட்டாயா என்றார்.

இந்த இடத்தில்தான் மாமியார் டீத் தட்டோடு பட்டறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

மாமனார் யோசித்தார். வழி இரண்டுதான். மூடியை அறுத்து எடுத்தால் அச்சு பிழைக்கும், ஆனால் நாலு மணிக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. அச்சை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் மூடி முழுசாக வரும், ஆனால் அந்த அச்சு அத்தோடு முடிந்தது. பிறகு நாற்பது மூடிக்கு எங்கே போவது? இன்னொரு அச்சுக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் ஆகும். ஒரு பக்கம் ஒட்டினால் எல்லாப் பக்கமும் ஒட்டியிருக்கும் என்பது அவர் அனுபவம். சுவரை ஒட்டியிருந்த வலது ஓரத்தை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"வர்றவருக்குக் காட்ட ஒண்ணு வேணும். அச்சைப் பிளந்துடலாம்" என்று அறுக்கிற கிரைண்டரை எடுத்தார்.

மருமகள் கையை நீட்டினாள். "குடுங்க மாமா. நான் செஞ்சது, நானே அறுக்கறேன்."

 முகக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். இருபத்திரண்டு நாளும் அந்த அச்சை உள்ளங்கையால் தடவித் தடவி மேடு பள்ளம் பார்த்தவள் அவள்.  கிரைண்டரின் பிளக்கைச் செருகினாள்.

"நிறுத்து."

பாத்திரத்திடம் சொல்லவில்லை. சட்டியிடமும் சொல்லவில்லை. மூன்று வாரத்துக்குப் பிறகு மாமியார் மருமகளைப் பார்த்து நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

டீத் தட்டைத் தரையிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தார். "அவன் மெழுகு போட்டான். நான்தான் தொடச்சுட்டேன்."

 அவரே சொன்னார், நின்று நின்று. முந்தாநாள் மதியம் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைக்கப் பட்டறைக்கு வந்திருக்கிறார். ஆள் இல்லை. அச்சு முழுக்க வெள்ளையாகப் புகை படிந்தது போல மங்கிக் கிடந்தது. மெழுகு காய்ந்தால் அப்படித்தான் இருக்கும், ஆனால் முப்பது வருடத்தில் அவர் பட்டறைக்குள் எட்டிப் பார்த்ததே பத்துத் தடவைதான், அவருக்கு எப்படித் தெரியும்? பெரிய மனிதர் வந்து பார்க்கப்போகிற சாமான் இப்படி அழுக்காகவா இருப்பது என்று தோன்றியிருக்கிறது. முதலில் வெறும் துணியால் எல்லா இடத்தையும் தேய்த்தார், பளபளவென்று வந்தது. ஒரு மூலையில் மட்டும் மங்கல் போகவே இல்லை. பக்கத்தில் தூரிகை கழுவுகிற தின்னர் டப்பா இருந்தது. அதில் துணியை நனைத்து, அந்த மூலையை அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பது போலத் தேய்த்தார். தின்னர் பட்டால் மெழுகு எங்கே நிற்கும்? ஆறு பூச்சும் துணியோடு போயிற்று.

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?" என்றார் மாமனார்.

"தப்புன்னே இப்ப நீங்க கத்தறப்பதான் தெரிஞ்சுது." மாமியாரின் கண் கலங்கிவிட்டது. "தெரிஞ்சப்புறம் எப்படிச் சொல்றது? அவ இங்க இருக்கக்கூடாதுன்னு மூணு வாரமா முணுமுணுத்தவ நான். வேணும்னே பண்ணிட்டேன்னு தானே நினைப்பீங்க?"

நியாயமான பயம்தான். நானே ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன், உங்களிடம் மறைப்பானேன்.

முதலில் வாய் திறந்தது நாளைக்கு. "அப்ப நான் ஆறு பூச்சு போட்டேன்ல?" என்றான். அவன் கவலை அவனுக்கு.

மருமகள் கிரைண்டரைக் கீழே வைத்தாள். முகக்கவசத்தைக் கழற்றினாள். ஏன் செய்தீர்கள் என்று கேட்கவில்லை.

"தின்னர் எங்கேருந்து எது வரைக்கும் போட்டீங்க அத்தை?"

மாமியார் விழித்தார். பிறகு குனிந்து இடது மூலையில் கை வைத்தார். அங்கிருந்து ஒரு முழம் அளந்தார். "இவ்வளவுதான். வாடை தலையைச் சுத்துச்சு, விட்டுட்டேன். அந்தப் பக்கம் தின்னர் படவே இல்ல."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"என் கையால தேச்சது எனக்கு மறக்குமா?"

மருமகள் மாமனாரைப் பார்த்தாள். மாமனார் வலது ஓரத்தைப் பார்த்தார். ஒட்டாத இடத்தை விட்டுவிட்டு ஒட்டிய இடத்திலேயே நாலு ஆப்பு அடித்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்கிற ஆளும் இல்லை.

அச்சைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பினார்கள். வலது ஓரத்தில் ஒரே ஒரு ஆப்பு. மருமகளே தட்டினாள். இரண்டாவது தட்டில் 'டப்' என்றது. இடுக்கில் தண்ணீர் விட்டுக் காற்றை ஊதியதும் சடசடவென்று நெல் பொரிகிற மாதிரிச் சத்தம் ஓடிப்போய் நடுவைத் தாண்டி நின்றது. இடது மூலைக்கு ஒரு முழம் முன்னால், மாமியார் சொன்ன இடத்தில், அச்சுப் பிசகாமல் நின்றது.

மீதி வேலை ஒரு மணி நேரம். மருமகள் அச்சின் முதுகுப் பக்கத்திலிருந்து அந்த ஒரு முழத்தை மட்டும் கிரைண்டரால் கோடு போட்டு அறுத்தாள். ஒரு நூல் ஆழம் அதிகம் போனால் உள்ளே இருக்கும் மூடி வெட்டுப்படும். கொழுந்தன் டார்ச்சைப் பிடித்தபடி மூச்சு விடாமல் நின்றான். மூடி, ஒட்டிக்கொண்ட அந்தத் துண்டோடு மேலே வந்தது. துண்டை உளியால் செதில் செதிலாக எடுத்து, விரிசல் விட்ட ஓரத்தைச் சரிசெய்து, இடத்தை நீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்தாள். அச்சில் மூலையில் ஒரு ஓட்டை. அது தைத்துவிடக்கூடிய கிழிசல்தான், இரண்டு நாள் வேலை.

உப்புத்தாள் தேய்க்கும்போது மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தானும் ஒரு தாளை எடுத்தார். பிறகு பயந்து, இதையாவது தொடலாமா என்று கேட்டார்.

"தாராளமா தேய்ங்க அத்தை. கெடுக்க வந்தவங்க இப்படி வழிச்சுத் தேய்க்க மாட்டாங்க, எனக்குத் தெரியாதா?"

மாமியார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தேய்த்தார். மனசு லேசான நிம்மதி. பாத்திரம் தேய்த்த கை அல்லவா, மருமகளைவிட அவர் தேய்த்த பக்கம்தான் சமமாக வந்தது.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே பொறியாளர் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர். பேச்சு குறைவு. மூடியை விரல் முட்டியால் தட்டினார், கனத்தை அளந்தார், மூலைகளைத் தடவினார். இடது மூலையில் கை நின்றது.

மாமனார் ஏதோ சமாளிக்க வாயெடுத்தார். மருமகள் முந்திக்கொண்டாள். இந்த இடத்தில் அச்சோடு ஒட்டிக்கொண்டது, எடுத்துத் தேய்த்திருக்கிறோம், தேய்த்தது மேல்பூச்சைத் தாண்டி உள்ளே போகவில்லை, நீங்களே சோதித்துப் பாருங்கள் என்றாள். யார் தேய்த்தது என்பதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. அது குடும்ப விஷயம்.

பொறியாளர் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். அவர்கள் தொட்டியில் இருக்கிற அதே அமிலம். தேய்த்த இடத்தில் நாலு சொட்டு விட்டார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாமியார் புதிதாக டீ போட்டுக் கொண்டுவந்தார். பொறியாளர் மட்டும் குடித்தார். கால் மணி நேரம் கழித்துத் துடைத்துவிட்டு, அந்த இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒரு புள்ளி கிடையாது. நிறம்கூட மாறவில்லை.

"இந்த மூலை மத்ததைவிட நல்லாவே இருக்கு. நாற்பதும் இப்படியே குடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அவர் வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் மாமனார் வாசலில் நின்றார். திரும்பி வந்து, ஜன்னலோரத்து மேசையில் இருந்த தன் பழைய டப்பாக்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தார். மேசை காலியானதும் அதை ஒரு துணியால் துடைத்தார். "வெளிச்சம் இங்கதான் நல்லா வரும். வெட்டறதுக்கு வசதி" என்றார் மருமகளிடம். அவ்வளவுதான் அவர் பேச்சு. பிறகு நாளைக்கைப் பார்த்து, ஆறு பூச்சும் ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறாய் என்றார். அவன் அசடு வழியச் சிரித்தான்.

மருமகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இரண்டையும் அடக்க ஒரே வழி வேலைதான். அச்சின் ஓட்டைக்குப் பாயை வெட்டினாள், ரெசினில் அதை இறுகவைக்கிற ஹார்ட்னரைக் கலந்தாள். கலந்துவிட்டால் கால் மணி நேரம்தான், அதற்குள் ஒட்டி முடிக்காவிட்டால் டப்பாவிலேயே கல்லாகிவிடும். முழங்கை வரைக்கும் பிசினோடு அவள் குனிந்திருந்த நேரத்தில், மேசைமேல் இருந்த அவள் போன் அடித்தது. மணி நாலே முக்கால்.

ஆடைத் தொழிற்சாலை. மருமகள் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். மாமியார் போனை எடுத்தார்.

அந்தப் பக்கம் மேற்பார்வைக்காரப் பெண். அவங்க எப்ப வர்றாங்க, மேசையைப் பிடிச்சு வெச்சிருக்கோம் என்று கேட்டாள். மூன்று வாரமாக இந்தக் கேள்விக்காகத்தான் மாமியார் காத்திருந்தார். 'திங்கட்கிழமை வந்துடுவா' என்று சொல்ல நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்த நாட்கள் அவை.

"அவ வரமாட்டாம்மா" என்றார். "அவளுக்கு இங்க வேலை இருக்கு. நாற்பது மூடி செய்யணும். அந்த மேசையை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

மருமகளின் தூரிகை நின்றது. ரெசின் ஒரு சொட்டு அவள் செருப்பில் விழுந்தது, அதைக்கூட அவள் கவனிக்கவில்லை. அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு நிறைவு அவளுக்கு வந்ததில்லை.

மாமியார் போனை வைக்கப்போனார். அந்தப் பக்கம் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப அவங்க வீட்டுக்காரருக்குக் குடுத்த டிரைவர் வேலை? ரெண்டு பேரும் சேர்ந்தே வர்றோம்னு போன வாரம் கையெழுத்துப் போட்டுட்டுப் போனாரே. திங்கட்கிழமை சேரணும். அதுவும் வேண்டாமா?"

மாமியார் போனைக் காதோடு இறுக்கி அழுத்திக்கொண்டார். மருமகள் எதிரே நிற்கிறாள். மாமனார் காலி மேசையைத் தட்டிப் பார்த்து, கால் ஆடுகிறதா என்று குனிந்து ஆராய்ந்துகொண்டிருக்கிறார்.

"அவன்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

"என்ன சொன்னாங்க அத்தை?" என்றாள் மருமகள்.

"நல்லா இருக்கச் சொன்னாங்க. நீ ஒட்டு, இறுகிடப் போகுது."

போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு மாமியார் வெளியே வந்தார், பட்டறைக் கதவைச் சாத்தினார். மகனின் எண்ணைத் தேடி அழுத்தினார். வாழ்க்கையில் எதையும் மறைக்கத் தெரியாத பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மகன். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை.